கோப்பு ஒன்று சொல்ல, கம்பி வேறொன்று சொல்ல



யூனிக்ஸ் வழிவந்த சர்வர்களில் நெட்வொர்க் பழுதானால் அதை எப்படித் தேடுவது என்பதே இன்றைய பொருள். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, சோலாரிஸ் என்று பெயர்கள் பல. கமாண்டுகள் மாறும், கோப்புகளின் பெயர்கள் மாறும். தேடும் முறை மாறாது. 1983-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 4.2 பிஎஸ்டி பதிப்பை வெளியிட்டபோது டிசிபி/ஐபி-யும் சாக்கெட் என்ற ஏற்பாடும் அதனோடு சேர்ந்து வந்தன. பின்னால் வந்த லினக்ஸ் தன் கர்னலைத் தனியாக எழுதிக்கொண்டாலும், அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ஓர் இயங்குதளத்தில் பழுது பார்த்துப் பழகியவர் இன்னொன்றின் முன் திகைத்து நிற்பதில்லை.

ஒரு சர்வரின் நெட்வொர்க் அமைப்பு எங்கே இருக்கிறது? கேள்வி எளிது. ஆனால் பலரும் பாதிப் பதிலோடு நின்றுவிடுகிறார்கள். "கோப்பில் இருக்கிறது" என்பது அந்தப் பாதிப் பதில். சர்வர் அடுத்த முறை எழும்போது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது கோப்பு. இந்த நொடியில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதைக் கர்னல்தான் அறியும். உண்மையில் எந்தப் பாக்கெட் போகிறது, எது வருகிறது என்பதைக் கம்பி மட்டுமே சொல்லும். கோப்பு, கர்னல், கம்பி ஆகிய மூன்றும் ஒன்றையே சொன்னால் பழுதுக்கு அங்கே இடமில்லை. எந்த இரண்டு முரண்படுகின்றனவோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழுது உட்கார்ந்திருக்கும்.

கோப்பைத் திறந்து பார்க்கிறார் ஒருவர். ஐபி முகவரி சரி, சப்நெட் மாஸ்க் சரி, கேட்வே சரி. மறுபடி படிக்கிறார், மறுபடியும் எல்லாம் சரி. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, சர்வர் மட்டும் வெளியே பேசவில்லை. காரணம் என்ன? அந்தக் கோப்பை அந்த இயந்திரத்தில் எந்த நிரலும் படிப்பதே இல்லை! லினக்ஸில் இது அடிக்கடி நடக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் நெடுங்காலமாக இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பு ஆண்டது. உபுண்டு 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. ரெட் ஹாட் குடும்பத்தில் நெட்வொர்க் மேனேஜர் பொறுப்பேற்றுக்கொண்டது. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு பழைய கோப்பில் எழுதினால் எழுத்து இருக்கும், விளைவு இருக்காது. ஃப்ரீபிஎஸ்டி இந்த விஷயத்தில் பாராட்டுக்குரியது. ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் முகவரியும் கேட்வேயும் இருக்கும். யார் படிக்கிறார்கள் என்ற குழப்பமே அங்கே எழாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது கர்னலை. அதற்கும் முன்னால் மனிதர்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: கடைசியாக என்ன மாறியது?

இதற்கு ட்ரே ஹாரிஸ் என்ற அமெரிக்க சிஸ்டம் நிர்வாகி 2002-ல் எழுதிய நிகழ்ச்சியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டிருந்தார் அவர். புள்ளியியல் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போகவில்லை" என்றார். யாராவது நம்புவார்களா? மின்னஞ்சலுக்கு மைல் கணக்கு ஏது? ஆனால் அவர் புள்ளியியல்காரர். சில நாட்களாகத் தரவு சேர்த்து, வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருந்தார். ஹாரிஸ் சோதித்தார். நியூயார்க்குக்குப் போனது, பிராவிடன்ஸ் நகருக்குப் போகவில்லை. சொன்னது உண்மை!

கடைசியாக என்ன மாறியது? வெளியார் ஒருவர் வந்து அந்த சர்வரின் சன்ஓஎஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். புதுப்பித்தபோது சென்ட்மெயில் நிரல் மட்டும் 8-ஆம் பதிப்பிலிருந்து 5-ஆம் பதிப்புக்குப் பின்னோக்கிப் போய்விட்டது. அமைப்புக் கோப்போ 8-ஆம் பதிப்புக்கு எழுதியது, அப்படியே இருந்தது. புதிய கோப்பின் நீண்ட விருப்பப் பெயர்கள் பழைய நிரலுக்குப் புரியவில்லை. குப்பை என்று தள்ளிவிட்டது. அப்படித் தள்ளப்பட்டவற்றில் ஒன்று, எதிர்முனை பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு. அது பூஜ்யமாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்பது நடைமுறையில் 3 மில்லிநொடிக்குச் சற்று அதிகமாக இருந்தது. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் ஏறக்குறைய 560 மைல். போய்த் திரும்பும் வழியைச் சேர்த்தால் தூரம் பாதியாகாதா என்று பலர் பின்னால் வாதிட்டார்கள். வாதம் நியாயமானதே. ஆனாலும் பழுது பார்ப்பவருக்கு இந்தக் கதையின் பயன் மைல் கணக்கில் இல்லை. புகார் சொன்னவரைப் புறந்தள்ளாமல் சோதித்துப் பார்த்தது ஒரு பயன். கோப்பு தொடப்படாமலே அதன் பொருள் மாறக்கூடும் என்று காட்டியது இன்னொரு பயன்.

இனி வரிசையாகப் போகலாம். கீழிருந்து மேலே போவதுதான் முறை. கேபிளும் கார்டும் சரியில்லாமல் பெயர்த் தீர்வைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கேபிளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. "ஐபி லிங்க்" என்று கேட்டால், இணைப்பு இல்லாத கார்டுக்கு நேரே நோ-கேரியர் என்று கர்னலே சொல்லிவிடும். "ஈத்டூல்" வேகத்தையும் டூப்ளெக்ஸையும் காட்டும். ஒரு முனை தானாகப் பேசி முடிவு செய்யும்படியும், மறுமுனை ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டியும் இருந்தால், பேசி முடிவு செய்யும் முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் நன்றாகப் போகும். பெரிய கோப்பை நகலெடுத்தால் மட்டும் நத்தை வேகம். பழைய சுவிட்சுகள் இருக்கும் இடத்தில் இது இன்னும் கண்ணில் படுகிறது. கார்டின் பெயரும் ஒரு பொறி. 2013-ல் சிஸ்டம்டி கார்டுகளுக்கு அவை செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடத் தொடங்கியது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பெயர் மாறிவிடும். கோப்போ பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்தது முகவரி. இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் சப்நெட் மாஸ்க் தவறு பாதி வேலை செய்யும் வகைத் தவறு. முழுதும் நின்றுபோன பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. பாதி வேலை செய்வதுதான் ஆளைச் சுற்றவைக்கும். ஒரு சர்வரின் முகவரி 192.168.10.20. மாஸ்க் 24 பிட் இருக்க வேண்டும், யாரோ 16 என்று போட்டுவிட்டார்கள். இணையம் போகிறதா? போகிறது. பக்கத்து இயந்திரம் போகிறதா? போகிறது. அதே அலுவலகத்தின் இன்னொரு தளத்தில் 192.168.30.5 என்ற முகவரியில் இருக்கும் பிரின்டர் மட்டும் கிடைக்கவில்லை. ஏன்? 16 பிட் மாஸ்க் போட்டதால், 192.168 என்று தொடங்கும் எல்லாமே தன் தெருவிலேயே இருப்பதாக சர்வர் நினைக்கிறது. பாக்கெட்டை ரூட்டரிடம் கொடுக்காமல், "30.5 யார்?" என்று ஏஆர்பி மூலம் தன் தெருவிலேயே கூவிக் கேட்கிறது. பதில் சொல்ல அங்கே ஆளில்லை. "ஐபி நெய்பர்" என்று கேட்டால் அந்த முகவரிக்கு நேரே ஃபெயில்ட் என்று கர்னல் எழுதியிருக்கும். அந்த ஒரு வரி போதும்.

சில ரூட்டர்களில் ப்ராக்ஸி ஏஆர்பி என்ற வசதி இயல்பாகவே திறந்திருக்கும். அந்த ரூட்டர், 30.5 தான்தான் என்பதுபோல் பதில் சொல்லிப் பாக்கெட்டை வாங்கிக் கடத்திவிடும். மாஸ்க் தவறு ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். ஒருநாள் ரூட்டரை மாற்றுவார்கள், பிரின்டர் நின்றுவிடும். எல்லோரும் புது ரூட்டரைக் குறை சொல்வார்கள். குறை சர்வரின் மாஸ்கில் அன்றைக்கே இருந்தது.

ஒரே முகவரியை இரண்டு இயந்திரங்கள் வைத்திருப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. சில நிமிடம் வேலை செய்யும், சில நிமிடம் நிற்கும். பக்கத்து இயந்திரத்தின் ஏஆர்பி பட்டியலில் ஒரே ஐபி-க்கு மேக் முகவரி மாறிமாறி வந்தால் ஐயமே வேண்டாம். லினக்ஸில் "ஆர்பிங்" கருவி இதை நேராகச் சோதித்துச் சொல்லும்.

முகவரி சரியானால் பாதை. பாதைப் பட்டியல் முழுவதையும் கண்ணால் படித்துக் கணக்குப் போடுவது வீண் உழைப்பு. "ஐபி ரூட் கெட்" என்று எழுதி எந்த முகவரிக்குப் போக வேண்டுமோ அதைக் கொடுத்தால் போதும். எந்தக் கார்டு வழியாக, எந்த கேட்வே வழியாக, எந்த முகவரியைத் தன் முகவரியாகப் போட்டுக்கொண்டு போகப் போகிறது என்பதைக் கர்னலே சொல்லிவிடும். பிஎஸ்டி-யில் "ரூட் கெட்" இதே வேலையைச் செய்யும். கர்னலின் வாயாலேயே பதிலைக் கேட்பதைவிட மேலான சான்று உண்டா?

ஒரு நிறுவனம் தன் உள் நெட்வொர்க்குக்கு 172.17 என்று தொடங்கும் முகவரிகளை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு சர்வரில் டாக்கர் நிறுவுகிறார்கள். மறுநிமிடமே அந்த சர்வரிலிருந்து உள் இயந்திரங்கள் பல கிடைக்காமல் போகின்றன. நெட்வொர்க் கோப்பை யாரும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை! ஆனால் டாக்கர் தன் பாலத்துக்கு இயல்பாக எடுத்துக்கொள்வது 172.17.0.0, 16 பிட் மாஸ்க். அந்தப் பாதை கர்னலுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டது. கோப்பை எத்தனை முறை படித்தாலும் இது தெரியாது. "ஐபி ரூட் கெட்" ஒரே வரியில் டாக்கர் பாலத்தின் பெயரைக் காட்டிவிடும்.

இரண்டு கார்டு உள்ள சர்வரில் இன்னொரு வகைப் பழுது. பாக்கெட் ஒரு கார்டு வழியாக வருகிறது. அதற்குப் பதில் போக வேண்டிய பாதையோ மற்றொரு கார்டு வழியாக இருக்கிறது. லினக்ஸ் கர்னலில் ஆர்பி-ஃபில்டர் என்ற அளவு 1 என்றிருந்தால், இப்படி வரும் பாக்கெட்டைப் போலி என்று கருதிச் சத்தமில்லாமல் போட்டுவிடும். கம்பியில் பாக்கெட் வந்தது கண்ணுக்குத் தெரிகிறது, ஃபயர்வாலில் தடையில்லை, ஆனால் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை. பலரை நள்ளிரவு வரை உட்காரவைத்த பழுது இது. அளவை 2 என்று தளர்த்தலாம். அதைவிட, எந்தக் கார்டில் வந்ததோ அதிலேயே பதில் போகும்படி தனிப் பாதைப் பட்டியல் எழுதுவது நல்லது.

இந்த இடத்தில் பிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1983 டிசம்பரில், மேரிலாந்து மாநிலத்தில் அமெரிக்க ராணுவத்தின் எறியியல் ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ், நெட்வொர்க்கின் ஒரு விபரீத நடத்தையை ஆராய எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியை நினைத்துப் பெயர் வைத்தார். இன்றுவரை முதலில் கை போவது அதனிடம்தான். ஆனால் பிங் எதைச் சொல்கிறது? போகும் பாதையும் திரும்பும் பாதையும் உண்டு, எதிர்முனைக் கர்னல் விழித்திருக்கிறது, அவ்வளவுதான். வெப் சர்வர் ஓடுகிறதா என்று அது சொல்லாது. பிங் போகவில்லை என்றாலும் சர்வர் இறந்துவிட்டது என்று பொருளில்லை. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி-யை நடுவில் யாரோ தடுத்திருக்கலாம். ட்ரேஸ்ரூட்டுக்கும் இதே எச்சரிக்கை. நடு வரிகளில் நட்சத்திரக் குறிகள் வந்தால் அங்கே பழுது என்று கொள்ளக் கூடாது. சோதனைப் பாக்கெட்டுக்குப் பதில் சொல்ல அந்த ரூட்டர் மறுத்துவிட்டு, பிறருடைய பாக்கெட்டை நன்றாகவே கடத்திக்கொண்டிருக்கலாம்.

முகவரி போட்டால் போகிறது, பெயர் போட்டால் போகவில்லை. இது யார் குற்றம்? "டிஎன்எஸ்" என்று உடனே பதில் வரும். பெரும்பாலும் சரியான பதில். ஆனால் அங்கேயும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு முன்னால், எல்லா இயந்திரங்களின் பெயர்களும் ஹோஸ்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் இருந்தன. அந்தப் பெயருள்ள கோப்பு இன்றும் ஒவ்வொரு யூனிக்ஸ் இயந்திரத்திலும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் டிஎன்எஸ்ஸுக்கு முந்திக்கொண்டு பதிலும் சொல்கிறது. எந்த வரிசையில் கேட்பது என்பதைப் பெரும்பாலான இயங்குதளங்களில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் தீர்மானிக்கிறது.

"டிக்" கருவியில் கேட்டால் புது முகவரி வருகிறது. நிரலோ பழைய முகவரிக்கே போகிறது. இரண்டில் எது பொய்? இரண்டுமே உண்மை. டிக் கருவி ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கிறது. நிரல் நூலகம் வழியாகப் போகிறது. நூலகம் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கிறது. என்றோ ஒரு சோதனைக்காக யாரோ அங்கே எழுதிய ஒரு வரி இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிரலின் கண்ணால் பார்க்க வேண்டுமானால் "கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்" என்று கேட்க வேண்டும். டிக் தருவது டிஎன்எஸ்ஸின் பதில், கெட்என்ட் தருவது இந்த இயந்திரத்தின் பதில்.

எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையச் சில நொடிகள் தாமதமாகிறது. நுழைந்த பிறகு எல்லாம் வேகம். இது ஒரு பழகிய அறிகுறி. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதலில் எழுதியிருக்கும் டிஎன்எஸ் சர்வர் இறந்திருக்கும். லினக்ஸில் ஒரு சர்வருக்காக நூலகம் இயல்பாகக் காத்திருப்பது 5 நொடி. அதன் பிறகே அடுத்த சர்வரிடம் போகும். வருபவரின் முகவரிக்குப் பெயர் தேடும் வழக்கம் உள்ள நிரல் எதுவானாலும் இந்த 5 நொடியில் மாட்டிக்கொள்ளும். அதே கோப்பில் நான்கு சர்வர்களை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. நூலகம் மூன்றோடு நின்றுவிடும். நான்காவதை எட்டிக்கூடப் பார்க்காது.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கையால் திருத்துகிறார் ஒருவர், சர்வரை ரீபூட் செய்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. டிஹெச்சிபி கிளையன்ட்டோ, நெட்வொர்க் மேனேஜரோ, சிஸ்டம்டி-ரிசால்வ்டோ மேலே எழுதிவிட்டது. கோப்பில் 127.0.0.53 என்று இருந்தால் மூன்றாவதன் வேலை என்று அறியலாம். உண்மையான சர்வர் எது என்பதை "ரிசால்வ்சிடிஎல்" சொல்லும். எரிச்சலில் சிலர் அந்தக் கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். இது வேண்டாத வழக்கம். பூட்டியவர் வேலை மாறிப் போய்விடுவார், பின்னால் வருபவர் காரணம் தெரியாமல் அல்லாடுவார். எது எழுதுகிறதோ அதனிடம் போய்ச் சொல்லி மாற்றுவதே சரி.

பெயரும் கிடைத்துவிட்டது. இனி வாசல், அதாவது போர்ட். இங்கே இரண்டு பிழைச் செய்திகளைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்". மற்றொன்று "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்". இரண்டையும் "கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றா? ஒருபோதும் ஒன்றில்லை!

ரெஃப்யூஸ்ட் என்பது நல்ல செய்தி. பாக்கெட் போய்ச் சேர்ந்தது, எதிர்முனை உயிரோடு இருக்கிறது, மறுத்துச் சொன்ன பதில் திரும்பியும் வந்தது. பாதையைப் பற்றிய எல்லா ஐயமும் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதே பெரும்பாலும் மிச்சம். டைம்ட் அவுட் என்பது மௌனம். லினக்ஸ் இயல்பான அளவுகளோடு இருந்தால், முதல் பாக்கெட்டை மீண்டும் பல முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆன பிறகே கைவிடும். பாக்கெட்டை யாரோ விழுங்குகிறார்கள், அல்லது பதில் வேறு வழியில் தொலைகிறது. ரெஃப்யூஸ்ட் என்றால் எதிர்முனை சர்வருக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். டைம்ட் அவுட் என்றால் ஃபயர்வாலையும் பாதையையும் பார்க்க வேண்டும்.

எதிர்முனைக்குள் நுழைந்து "எஸ்எஸ்" கமாண்டைக் கேட்டால், எந்த நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும். பழைய நெட்ஸ்டாட்டின் வேலை இப்போது இதனிடம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 5432 போர்ட்டில் ஓடுகிறது. சர்வருக்குள்ளிருந்து சோதித்தால் பதில் வருகிறது, வெளியிலிருந்து ரெஃப்யூஸ்ட். எஸ்எஸ் காட்டும் வரியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 0.0.0.0 என்று இருக்கிறதா, 127.0.0.1 என்று இருக்கிறதா? பின்னது என்றால் அந்த நிரல் தன் வீட்டாரிடம் மட்டுமே பேசுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான அமைப்பே அதுதான். வெளியே திறக்க வேண்டுமானால் அதன் அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும். ஃபயர்வாலைத் தோண்டிப் பயனில்லை.

ஃபயர்வால்தான் காரணம் என்று தோன்றும்போது முழு விதிப்பட்டியலையும் படிப்பதைவிட, ஒவ்வொரு விதிக்கும் நேரே கர்னல் வைத்திருக்கும் எண்ணிக்கையைப் பார்ப்பது மேல். வெளியிலிருந்து ஒருவர் தொடர்ந்து முயலட்டும். எந்த விதியின் எண்ணிக்கை ஏறுகிறதோ அதுதான் விழுங்குகிறது. ஐபிடேபிள்ஸில் முதலில் பொருந்தும் விதி தீர்ப்புச் சொல்லும். ஓபன்பிஎஸ்டி-யின் பிஎஃப் ஃபயர்வாலில், குவிக் என்ற சொல் இல்லாதபோது கடைசியாகப் பொருந்தும் விதிதான் தீர்ப்பு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் எழுதும்போது இங்கேதான் இடறும். ஃபயர்வாலை அடியோடு நிறுத்திப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இணையத்தை நோக்கி நிற்கும் சர்வரில் அந்த யோசனையே வரக் கூடாது.

இப்போது மிகவும் ஏமாற்றும் பழுதுக்கு வருவோம். பிங் போகிறது, பெயர் கிடைக்கிறது, போர்ட் திறந்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் இணைகிறது, உடனே உறைந்துபோகிறது. சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெரிய பக்கங்கள் பாதியில் நிற்கின்றன. சின்னது போகும், பெரியது போகாது என்றால் நினைவுக்கு வர வேண்டியது எம்டியூ.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் போய் 1492 ஆகிறது. விபிஎன் சுரங்கம் என்றால் இன்னும் குறையும். பெரிய பாக்கெட் ஒன்று அந்தக் குறுகிய இடத்துக்கு வந்ததும், உடைக்காதே என்ற குறி அதில் இருந்தால், ரூட்டர் அதைப் போட்டுவிட்டு "இந்த அளவு போகாது, சிறிதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். 1990-ல் ஜெஃப்ரி மோகலும் ஸ்டீவ் டீரிங்கும் எழுதிய முறை இது. எங்கே முறிகிறது? "பாதுகாப்புக்காக" என்று யாரோ ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருப்பார்கள். செய்தி வந்து சேராது. அனுப்பும் சர்வர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பின் பெயரால் செய்யும் இந்த மொத்த அடைப்பு எவ்வளவு துன்பம் தந்திருக்கிறது!

சோதனை எளிது. லினக்ஸில் உடைக்காதே என்ற குறியோடு, 1472 பைட் தரவு வைத்து பிங் அனுப்ப வேண்டும். ஏன் 1472? அதோடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, கூட்டினால் 1500. அது போகாமல் 1464 போனால் நடுவில் 1492 அளவுள்ள இணைப்பு இருக்கிறது என்று பொருள். இன்னும் கீழே இறங்கித்தான் போகிறது என்றால் சுரங்கத்தைச் சந்தேகிக்கலாம். ஐசிஎம்பி-யில் அந்த ஒரு வகைச் செய்திக்காவது வழிவிடுவது முறையான தீர்வு. முடியாத இடத்தில், சுரங்கத்தின் வாசலில் டிசிபி இணைப்புகளின் எம்எஸ்எஸ் அளவைக் குறைத்து எழுதலாம்.

இத்தனைக்கும் பிறகு பிடிபடாத பழுதுக்குக் கம்பியைத்தான் கேட்க வேண்டும். 1988-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் மூவரும் எழுதிய டிசிபிடம்ப் அதற்கான கருவி. ஒரு முனையில் மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். இங்கே புறப்பட்டது, அங்கே வரவில்லை என்றால் நடுவில் தொலைகிறது. அங்கே வந்தது, அங்கிருந்து பதில் புறப்படவில்லை என்றால் அந்தக் கர்னலோ நிரலோ காரணம். பதில் புறப்பட்டது, இங்கே வரவில்லை என்றால் திரும்பும் பாதையைப் பார்க்க வேண்டும். ஒரே கேள்வி, மூன்று பதில், மூன்றுக்கும் வெவ்வேறு இடம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெயர் தேடாதே என்ற விருப்பத்தைச் சேர்க்காமல் ஓடவிட்டால், டிசிபிடம்ப் ஒவ்வொரு முகவரிக்கும் தானே டிஎன்எஸ்ஸில் பெயர் தேடும். டிஎன்எஸ் இறந்திருக்கும் நாளில் அதுவே உறைந்து நிற்கும். இன்னொன்று, வெளியே போகும் பாக்கெட்டுகளில் செக்சம் தவறு என்று வரிவரியாகக் காட்டும். புதியவர்கள் பதறிப்போவார்கள். செக்சம் போடும் வேலையைக் கர்னல் நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைத்திருக்கிறது. கார்டு அதைப் போடுவதற்கு முன்பே டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்த்துவிடுகிறது. கம்பியில் போவது சரியாகவே போகிறது.

பழுது கிடைத்துவிட்டது. திருத்த வேண்டும். தொலைவிலிருக்கும் சர்வரின் நெட்வொர்க்கை அந்த நெட்வொர்க் வழியாகவே நுழைந்து திருத்துவது, பழுது தேடுவதைவிட அபாயமான வேலை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றதை அவையோர் மறந்திருக்க மாட்டார்கள். பராமரிப்பின்போது, தன் முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அளக்கக் கொடுத்த ஒரு கமாண்ட் எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கமாண்டைத் தடுக்க வேண்டிய தணிக்கை நிரலில் ஒரு பிழை, அது தடுக்கவில்லை. டேட்டா சென்டர்களோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், வடிவமைத்தபடியே, தங்களுக்கான பாதை அறிவிப்பை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை அடையும் வழிதான் இல்லை. உள்ளே இருந்த கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியவை என்பதால், பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்த் திருத்த வேண்டியிருந்தது.

இதற்குக் காப்பு என்ன? கன்சோல் வழி முதல் காப்பு. நெட்வொர்க் இல்லாமலே சர்வரின் திரையை அடைய ஒரு தனி வழி இருக்கிறதா என்று திருத்துவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நெட்பிளான் உள்ள இடத்தில் "நெட்பிளான் ட்ரை" என்று கொடுத்தால், 120 நொடிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். அது இல்லாத இடத்தில், கோப்புக்கும் கர்னலுக்கும் உள்ள வேறுபாட்டையே துணையாக்கிக்கொள்ளலாம். கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி "ஷட்டவுன்" கமாண்டுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றத்தைக் கர்னலில் மட்டும் செய்ய வேண்டும். இணைப்பு அறுந்தால் சர்வர் தானே எழுந்து பழைய கோப்பைப் படித்துக்கொள்ளும். அறுந்துபோகாவிட்டால் இன்னொரு சாளரத்திலிருந்து புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு புதிய ஃபயர்வால் விதியிலும் பிழைத்திருக்கக் கூடும். அதுவும் நுழைந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டு, அதே மாற்றத்தைக் கோப்பிலும் எழுத வேண்டும். எழுதிய கோப்பை சர்வர் உண்மையிலேயே படிக்கிறதா என்பதை, ஆள் இருக்கும் நேரத்தில், பயனாளர்களுக்கு அறிவித்துவிட்டு, ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிட வேண்டும். எழுந்த பிறகு "ஐபி அட்ரஸ்", "ஐபி ரூட்", "கெட்என்ட்", "எஸ்எஸ்" நான்கையும் மறுபடி கேட்டு, ரீபூட்டுக்கு முன் எடுத்து வைத்த பதில்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அந்தப் பழுதுப் புகாரை மூடலாம்.